இரண்டாம் பேஸில் இன்னும் நிற்பவன்

மிலோவா, நெப்ராஸ்கா
1994 ஏப்ரல் 11

அன்புள்ள லிபி,

இங்கு நலம். நீயும் உன் இடுப்பெலும்பும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது. மற்ற பாகங்களைப் பற்றி டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவார்.

இருபத்து மூன்று வருடமாக உனக்கு எழுதும் கடிதங்களில் பேஸ்பால் என்ற சொல்லை நான் எழுதியதில்லை. சோளத்தின் விலை, ஊர்ச் சாவுகள், பாதிரியாரின் கார் என்று ஒப்பேற்றி வந்திருக்கிறேன். இன்று எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் சிறுவர் லீக் கமிட்டி புது விதி ஒன்று கொண்டுவந்திருக்கிறது. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் ஓட்டத்தில் தொட வேண்டிய பேஸை நோக்கி ஓடி வரும்போது தலையை முன்னே நீட்டி வயிற்றால் சறுக்கக் கூடாது. காலை முன்னே விட்டுத்தான் சறுக்க வேண்டும். தலை முந்தினால், பந்துக்கு முன்பே வந்து சேர்ந்தாலும் அவுட். கழுத்தெலும்பைக் காப்பாற்ற. நிறைவேற்ற வேண்டியவன் அம்பயர். ஊரில் அம்பயர் இன்னும் நான்தான்.

விதியை முடிவு செய்ய மூன்று கூட்டங்கள் ஆயின. கழுத்துக்கு ஏழு நிமிடம் ஒதுக்கினார்கள். மிச்ச நேரமெல்லாம், மைதானத் தின்பண்டக் கடையில் விற்கும் கொலாச்சி ரொட்டிக்குக் கசகசாப் பூரணமா, பிளம் பூரணமா என்ற விவாதம். இரு தரப்பும் இன்னும் பேசிக்கொள்வதில்லை.

வேறு யாராவது உனக்கு எழுதுவதற்கு முன் நான் எழுதிவிட நினைத்தேன். ‘அன்றே இந்த விதி இருந்திருந்தால்’ என்று ஒரு வரி தொடங்கி அடித்துவிட்டேன். தாளின் பின்பக்கம் தடவினால் உனக்குத் தெரியும்; பேனா அழுந்திவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
எமில்


அரிசோனா
1994 ஏப்ரல் 29

அன்புள்ள எமில்,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே இப்போதே தொண்ணூற்றைந்து டிகிரி. எலுமிச்சை காய்த்துத் தள்ளுகிறது; பக்கத்து வீட்டார் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள், மறுபடியும் ஒரு பை கொடுத்துவிடுவேன் என்ற பயத்தில்.

நல்ல விதி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

வெஸ்லியைப் புதைத்த அன்று நாம் ஒன்று பேசிக்கொண்டோம். என் மகன் பதினோரு வயதில் விழுந்து எழாமல் போன அந்த மைதானத்தைப் பற்றி நீ எனக்கு எழுதக் கூடாது. நீ ஏன் இன்னும் அங்கே போய் நிற்கிறாய் என்று நான் கேட்கக் கூடாது. நான் என் பங்கைக் காப்பாற்றி வருகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

லிபி


மிலோவா
1994 மே 16

அன்புள்ள லிபி,

நலம். நீ சொன்ன ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் உனக்கு நன்றி சொல்லச் சொன்னது.

பேச்சை மீறுகிறேன். திட்டிக்கொள்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். விதியைப் பிள்ளைகளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார்கள். பிறகு ஒரே மதியத்தில் பதினொரு பேர் தலை முந்தச் சறுக்கினார்கள். பதினொரு பேரும் இரண்டாம் பேஸில். முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஒழுங்காகக் காலை விட்டுத்தான் வருகிறார்கள். பதினொரு அவுட். கேலரியிலிருந்து பெற்றோர் என் மேல் பொழிந்த அன்பில் சில உனக்கு:

“எமில், கண்ணாடிய மாத்து, இல்ல கண்ண மாத்து!”

“எம் புள்ள ஒன்றரை அடி முன்னாடியே வந்துட்டான்யா! நீ என்ன சர்ச்சுல இருந்து பாக்குறியா?”

கடைசியாக அவுட்டானவன் டஸ்டின் ஹ்ருஸ்கா, பத்து வயது. மற்றவர்களைப் போல அழவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“மிஸ்டர் ஸெலெங்கா, எங்கள மட்டும் அவுட்டுன்னு சொல்றீங்க. அவன் எப்பவும் அப்படித்தான வர்றான்? அவன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க.”

“எவன்டா?”

“அதோ, ரெண்டாவது பேஸ்ல நிக்கிறானே. கம்பளிச் சட்டை.”

இரண்டாம் பேஸில் யாரும் இல்லை. இங்கே இருபது வருடமாக யாரும் கம்பளிச் சீருடை போடுவதில்லை.

வெயில் அதிகம், தண்ணீர் குடி என்று அவனிடம் சொன்னேன். நானும் குடித்தேன்.

தோட்டத்தில் ருபார்ப் தண்டு நன்றாக வந்திருக்கிறது. நீ பக்கத்தில் இருந்தால் கொடுத்திருப்பேன்.

எமில்


மிலோவா
1994 மே 31

அன்புள்ள லிபி,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, கோபம் மட்டும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆட்டத்துக்கு முன் மைதானத்து மண்ணை நானே வாரிச் சமப்படுத்துகிறேன். பிறகு மட்டை பிடிப்பவன் முன்னால் தரையில் பதித்திருக்கும் பிளேட்டைத் துடைப்பேன். அம்பயர் பிளேட்டைத் துடைக்கும்போது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பின்புறத்தைக் காட்டுவது மரியாதை இல்லை. உலகத்தில் எனக்குத் தெரிந்த வேலைகளில், மரியாதைக்காக ஆபத்துக்கு முதுகு காட்டும் வேலை இது ஒன்றுதான்.

சனிக்கிழமை அப்படிக் குனிந்திருந்தபோது பின்னால் மண் அரையும் சத்தம் கேட்டது. யாரோ நீளமாகச் சறுக்கி நின்ற சத்தம். திரும்பினேன். பிள்ளைகள் இன்னும் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். இரண்டாம் பேஸ் முன்னால் புதுத் தடம். வயிறு இழுத்த பள்ளம். அதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகள். அங்கிருந்து எழுந்து போன கால்தடம் ஒன்றும் இல்லை.

மைலோ கோவாரிக்கை நினைவிருக்கும். அன்று இரண்டாம் பேஸில் கையுறையோடு நின்ற பன்னிரண்டு வயதுப் பையன். இப்போது அவனுக்கு முடி கொட்டிவிட்டது. ஓர் அணியின் பயிற்சியாளன். தடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போய்த் தன் ஷூவால் உள்ளங்கைத் தடங்களை மட்டும் மூடினான்.

அன்றைய ஆட்டத்தில் ஷெல்பி என்ற பெண் தலை முந்தச் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஏன் அப்படி வந்தாய் என்று கேட்டேன்.

“அவன் அப்படி வந்தா நல்லா இருக்கு, மிஸ்டர் ஸெலெங்கா. பறக்கற மாதிரி இருக்கு.”

நலம் எழுது.

எமில்


அரிசோனா
1994 ஜூன் 14

அன்புள்ள எமில்,

சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

அந்தக் கம்பளிச் சட்டையில் என்ன எண்?

லிபி


மிலோவா
1994 ஜூன் 21

அன்புள்ள லிபி,

ஏழு.

நான் கேட்கவில்லை. பிள்ளைகளே சொன்னார்கள். ஏழின் கால் ஒருபக்கம் பிரிந்து தொங்குகிறது என்றும் சொன்னார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாய். ஆட்டம் சனிக்கிழமை.

ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை என்ன செய்வது? கமிட்டி கூட்டினார்கள். தலைவி ஆர்லீன் பெட்ஸ்கா குறிப்பேட்டைத் திறந்தார்.

“அந்தப் பையன் எந்த டீம்ல பதிஞ்சிருக்கான்?”

“எதுலயும் இல்ல.”

“பதியாத பையன மைதானத்துல விட்டது யாரு?”

“பதியாதவன் விழுந்தா இன்சூரன்ஸ் ஒரு டாலர் தராது, சொல்லிட்டேன்,” என்றார் டஸ்டினின் அப்பா.

“அவன் விழுந்து ரொம்ப நாளாச்சு,” என்றான் மைலோ. ஆர்லீன் அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

தீர்மானம்: பதிவானவர், பதிவாகாதவர் என்ற வேறுபாடின்றி விதியை நிறைவேற்றுமாறு அம்பயரைக் கேட்டுக்கொள்வது. பிள்ளைகள் பார்க்கும்படி அவனையும் ஒரு முறை அவுட் கொடுத்துவிட்டால் அவர்கள் அவனைப் பின்பற்ற மாட்டார்கள் என்பது கமிட்டியின் எண்ணம். அவர்கள் எண்ணிய ஒரே நல்ல விஷயம் என்று சொல்வேன்.

ஆனால் அது முடியாது. 1971இல் தொடங்கிய ஆட்டத்துக்கு 1994 விதி செல்லாது. தலை முந்தச் சறுக்க அவனுக்கு அன்று உரிமை இருந்தது.

வெளியே வந்ததும் மைலோ என் காரின் கதவைப் பிடித்துக்கொண்டான். “அந்த ஆட்டம் முடியவே இல்ல எமில். நிறுத்தினதோட சரி. நீங்க சேஃப்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் ஒரு பந்துகூட யாரும் வீசல.”

உண்மைதான். அம்பயர் தவறாகச் சொன்ன தீர்ப்பை அடுத்த பந்து வீசப்படும் முன் திருத்தலாம். வீசிவிட்டால் அவ்வளவுதான். அந்த அடுத்த பந்து இருபத்து மூன்று வருடமாக வீசப்படவில்லை. அவன் அங்கே நிற்கிறான் என்றால், நிற்கலாம் என்று நான் சொன்னதால் நிற்கிறான்.

நன்றாகச் சாப்பிடு.

எமில்


அரிசோனா
1994 ஜூலை 5

எமில்,

நான் நலமாக இல்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். போய்ச் சேர்ந்தானா என்று. நீ “சேஃப்” என்றாய். டாக்டர் சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மூன்று ஊர் மாறினேன், ஒரு கணவனைப் புதைத்தேன், இன்னும் காலையில் எழுந்து காபி போடுகிறேன். என் பிள்ளை கடைசியாகச் செய்த காரியத்தைச் சரியாகச் செய்தான். எத்தனை தாய்க்கு இது கிடைக்கும்?

உன் கமிட்டி கேட்கிறது என்று அதைத் திருத்தப் பார்க்கிறாயா? மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல். வேலி போடு. பேஸைத் தள்ளி வை. அவன் நிற்கிற இடத்தில் அவன் நிற்கட்டும். அவன் யாரையும் தொடவில்லை.

அவனைப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை. ஹ்ருஸ்கா வீட்டுப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

லிபி


மிலோவா
1994 ஜூலை 18

அன்புள்ள லிபி,

உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது; கோபத்தோடு எழுதினாலும் சரி.

நீ சொன்னபடி பேஸைப் பத்தடி தள்ளிப் போட்டோம். பிள்ளைகள் பேஸ் இல்லாத பழைய இடத்துக்கே சறுக்கினார்கள். சனிக்கிழமை டஸ்டின் அப்படித்தான் வந்தான். எதிரே நின்ற பையனின் முழங்காலில் தலை மோதியது. நான்கு மணி நேரம் அவனுக்குக் கை விரல்கள் மரத்துக் கிடந்தன. ஐந்தாவது மணி நேரத்தில் ஒரு விரல் அசைந்தது. அவன் அம்மா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அதே வராந்தா. சுவருக்கு வேறு நிறம் அடித்திருக்கிறார்கள்.

இப்போது கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு நடக்கிறான். அடுத்த பிள்ளைக்கு ஐந்தாவது மணி நேரம் வராமல் போகலாம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைலோவுக்குத் தெரியும், அவன் யாரிடமும் சொன்னதில்லை. பந்து முதலில் வந்தது. வெஸ்லியின் விரல் பேஸைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே, பந்து இருந்த மைலோவின் கையுறை அவன் தோளில் பட்டுவிட்டது. அவுட் கொடுக்க முஷ்டியைத் தூக்கினேன். அதற்குள் அவன் தலை மோதிய சத்தம். அவன் எழவில்லை. தூக்கிய கை தானாக விரிந்தது, மற்றதும் விரிந்தது; இரண்டு கையும் விரிந்தால் சேஃப். கீழே கிடக்கிற பிள்ளையைப் பார்த்து அவுட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, லிபி. முப்பத்தொரு வருடத்தில் தெரிந்தே நான் சொன்ன ஒரே பொய்த் தீர்ப்பு அது. உன்னிடம் வராந்தாவில் சொன்னது இரண்டாவது முறை.

ஆகையால் திருத்த முடியும். புது விதி தேவையில்லை. பழைய உண்மை போதும். ஆனால் நீ எழுதாமல் செய்ய மாட்டேன். ஜூலை முப்பது, சனிக்கிழமை, நான்கு மணிக்கு அடுத்த ஆட்டம்.

எமில்


அரிசோனா
1994 ஜூலை 24

அன்புள்ள எமில்,

சுகம்தான். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்குகிறது.

நான் கேலரியில் மூன்றாம் பேஸ் பக்கம், மேல் வரிசையில் இருந்தேன். கையுறை பட்டதைப் பார்த்தேன். உன் முஷ்டி எழும்பி விரிந்ததையும் பார்த்தேன். வராந்தாவில் தெரியாமல் கேட்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்று கேட்டேன். நீ சொன்னதை இருவருமாக வைத்துக்கொண்டோம். நல்ல பொய், எமில். நன்றாக உழைத்தது.

ஹ்ருஸ்கா பையனின் அம்மா அந்த விரலை விடாமல் பிடித்திருந்தாள் என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் நூறு தடவை படித்தேன்.

சொல்லிவிடு. உரக்கச் சொல். அவனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

லிபி


மிலோவா
1994 ஆகஸ்ட் 1

அன்புள்ள லிபி,

நலம். செய்துவிட்டேன்.

நான்கு மணிக்கு இரண்டு அணியையும் கோட்டருகே நிறுத்தினேன். கேலரி நிறைந்திருந்தது, கொலாச்சி ஒன்றுகூட விற்கவில்லை. இரண்டாம் பேஸுக்கு வலப்பக்கமாகப் போய் நின்றேன், அவன் வலது காதுக்கு. “1971 ஜூன் 19 ஆட்டத்தில் என் தீர்ப்பைத் திருத்துகிறேன். ஓட்டக்காரர், எண் ஏழு, அவுட்.” முஷ்டியை முழுக்க உயர்த்தினேன். மைலோ தொப்பியைக் கழற்றினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிள்ளைகளின் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பத் தொடங்கின. மெல்ல, இரண்டாம் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு. அங்கே கொஞ்சம் நின்று, வேலிக் கதவுக்கு. அவுட்டானவன் தன் பெஞ்சுக்குப் போக வேண்டும். முள் காலணித் தடம் பெஞ்சைத் தாண்டிப் போனது. கதவு திறந்தது. தென்மேற்கே, நெடுஞ்சாலைப் பக்கம்.

“என்னடா செய்யறான்?” என்று டஸ்டினைக் கேட்டேன்.

“உங்கள ஒரு முறை முறைச்சான். அப்புறம் போறான்,” என்றான். “அழல.”

தீர்ப்பை யாரும் இனித் திருத்த முடியாதபடி முடித்துவிட எண்ணி, மைலோவை ஒரு பந்து வீசச் சொன்னேன். பிளேட்டில் யாரும் நிற்கவில்லை. வீசினான். “பால் ஒன்று” என்று முதல் பந்தின் கணக்கை அறிவித்தேன். 1971 ஸ்கோர் புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன்; ஏழுக்கு நேரே குறித்தேன். அந்த இன்னிங்ஸின் மூன்று அவுட்டில் அது இரண்டாவது.

பிறகு இன்றைய ஆட்டம் தொடங்கியது. எல்லாரும் காலை முன்னே விட்டுச் சறுக்கினார்கள். அவ்வளவு அசிங்கமாக, அவ்வளவு பத்திரமாக.

நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது.

எமில்


அரிசோனா
1994 செப்டம்பர் 9

அன்புள்ள எமில்,

நான் மிகவும் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வீட்டில் வேலை இருந்தது.

ஆகஸ்ட் பத்தொன்பது மதியம் வந்து சேர்ந்தான். ஆயிரத்து முந்நூறு மைல், இருபது நாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாளொன்றுக்கு அறுபத்தைந்து. ஓட்டத்தில் எப்போதும் கெட்டிக்காரன். முதல் வேலையாக அந்த ஏழைத் தைத்தேன்.

சாப்பிடுவதில்லை, ஆனால் மேசைக்கு வருகிறான். பகலெல்லாம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே வீடுகளுக்கு முன்னால் புல் கிடையாது, சரளைக் கல்தான். காலையில் அதில் சறுக்கிக் காட்டுகிறான். வயிற்றுத் தடம், அதற்கு முன்னால் இரண்டு கை. இது ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான குடியிருப்பு என்பது உனக்குத் தெரியாது, நான் எழுதியதில்லை. சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. சரளையைக் கலைப்பதாகப் புகார். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட விருந்தினர் முப்பது நாளுக்கு மேல் தங்கக் கூடாதாம். செயலாளர் நேரில் வந்தார்.

“பேரனா, மிஸஸ் டுவோரக்?”

“மகன்.”

“என்ன வயசு?”

“முப்பத்து நாலு.”

பெஞ்சைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டு போனார். அவருக்குத் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெஞ்சைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

உன் மேல் அவனுக்குக் கோபம் இல்லை. கையுறை பட்டது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். நான் பயந்தது அதற்குத்தான்; அப்படி ஒன்றும் இல்லை. அவன் எதிர்பார்ப்பது வேறு. நீ ஏன் அந்தப் பந்தை வீசச் சொன்னாய், எமில்? வீசாதவரை ஆட்டம் நின்றுபோயிருந்தது. நின்ற ஆட்டத்தில் நிற்பவனுக்கு ஓர் இடம் போதும். நீ வீசச் சொல்லி, எண்ணிக்கையும் அறிவித்து, மறுபடி தொடங்கிவிட்டாய்.

“ரெண்டு அவுட்தாம்மா ஆகியிருக்கு,” என்கிறான். “இன்னும் ஆட்டம் இருக்கு. எம் முறை வரும்.”

எப்போது வரும் என்று கேட்டேன். மாமாதான் அம்பயர், அவர் கூப்பிடணும் என்றான். முப்பது நாள் பதினெட்டாம் தேதி முடிகிறது. நேற்றிலிருந்து பெஞ்சில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே வடகிழக்கைப் பார்க்கிறான். நீ கூப்பிடாமல் இருந்துவிடு என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் மட்டையைக் கேட்டான். வீட்டில் மட்டை இல்லை என்றேன்.

“பரவால்லம்மா,” என்றான். “அங்க இருக்கும்.”

உன் தங்கை
லிபி